கம்பியைக் கட்டும் கம்பி

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. கிள்ளானில் என் அண்ணன் வீட்டின் மாடியில், கான்கிரீட் ஊற்றுவதற்காகக் கட்டி வைத்திருந்த இரும்புக் கம்பிகளின் மேல் அப்பா மெதுவாக நடந்து பார்த்தார். ஓரிடத்தில் குனிந்தார். இரண்டு கம்பிகள் சந்திக்கும் இடத்தில் முறுக்கியிருந்த சிறு கட்டுக்கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். அது கையோடு வந்துவிட்டது.

அடுத்த கட்டைத் தொட்டார். அதுவும் தளர்ந்திருந்தது. மூன்றாவது இடத்தில் கட்டே இல்லை.

மதியம் மூன்று மணிக்கு ரெடிமிக்ஸ் லாரி வர ஏற்பாடாகியிருந்தது. கீழே அண்ணி வேலையாட்களுக்குத் தேநீர் கலந்துகொண்டிருந்தார். அண்ணன் வங்கியில் கடன் எடுத்து, நகராண்மையில் வரைபட ஒப்புதல் வாங்கி, எட்டு மாதமாகக் காத்திருந்து தொடங்கிய வேலை இது. அப்பா நிமிர்ந்து, “இன்னைக்கு கான்கிரீட் ஊத்தக் கூடாதுப்பா” என்றார்.

அண்ணனின் முகம் போன போக்கை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கிள்ளான் பள்ளத்தாக்கின் கட்டுமானத் தளங்களில் கம்பி கட்டியவர். ‘பார் பெண்டர்’ என்பார்களே, அந்த வேலை. தாமான்கள், அடுக்குமாடிகள், கால்வாய்ச் சுவர்கள், பாலத் தூண்கள் என்று அவர் கட்டாதது இல்லை. அவர் கட்டிய எதையும் இன்று யாரும் பார்க்க முடியாது. எல்லாம் கான்கிரீட்டுக்குள் போய்விட்டது. நான் கணக்காய்வு படித்து, பிரிக்ஃபீல்ட்ஸில் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். என் படிப்புச் செலவைக் கட்டியது அந்தக் கட்டுக்கம்பிதான். ஆனாலும், அந்தச் சனிக்கிழமை வரை அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு கேள்விகூட நான் கேட்டதில்லை.

பூவும் நாரும்

“கான்கிரீட் இறுகிட்டா கட்டுக்கம்பிக்கு வேலையே இல்லன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு இவ்வளவு கவலை?” என்று அன்று நான் கேட்டேன்.

“நீ தினமும் பூக்கடையைத் தாண்டித்தானே வேலைக்குப் போற? அங்க பார்த்ததில்லையா?” என்றார் அப்பா.

துன் சம்பந்தன் சாலைப் பக்கம் மாலை கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நாரைத் தண்ணீரில் நனைத்து மெதுவாக்கிக்கொள்வார்கள். காய்ந்த நார் முடிச்சுப் போடும்போதே ஒடியும். மிக மெல்லிய நூல் காம்பை அறுக்கும். தடித்த கயிறு இறுகாது. பூவுக்கு நார் வாசனை தருவதில்லை, அழகும் தருவதில்லை. பூவை அதன் இடத்தில் நிறுத்துவது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஒன்றைச் செய்யாவிட்டால் மாலையே இல்லை.

கட்டுக்கம்பியின் வேலையும் அதுதான். வீட்டின் பாரத்தை அது சுமப்பதில்லை. பாரத்தைச் சுமக்க வேண்டிய பெரிய கம்பிகளை, பொறியியலாளர் வரைந்த இடத்திலேயே, கான்கிரீட் இறுகும் வரை பிடித்து வைத்திருக்கிறது. வேலையாட்கள் மேலே நடப்பார்கள். கான்கிரீட் குழாயிலிருந்து பாரமாக விழும். அதிர்வு இயந்திரத்தைக் கம்பிகளுக்கு நடுவே விட்டு எடுப்பார்கள். இத்தனைக்கும் கம்பி அசையக்கூடாது. சில மணி நேர வேலைதான். ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் கம்பி எங்கே நின்றதோ, அங்கேதான் ஐம்பது ஆண்டும் நிற்கும்.

நாற்பது மில்லிமீட்டரின் விலை

அண்ணன் வீட்டில் அப்பாவை அதிகம் கவலைப்படுத்தியது முன்பக்க பால்கனி. சுவரிலிருந்து நான்கு அடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தளம். அதன் கீழே தூண் கிடையாது.

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுத்தால் எளிதில் விரிசல் விடும். அதன் இழுவைப் பலம், அழுத்தப் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் இழுபடும் பக்கத்தில் இரும்பை வைக்கிறார்கள். இரண்டு பக்கமும் சுவரில் உட்கார்ந்திருக்கும் சாதாரணத் தளம் நடுவில் தொய்யப் பார்க்கும். அதற்கு அடிப்பக்கத்தில் இழுவை. நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியின் நுனி கீழே தொங்கப் பார்க்கும். அதற்கு மேல்பக்கத்தில் இழுவை. ஆகவே பால்கனிக்கு முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும்.

வரைபடத்தில் அந்தத் தளத்தின் தடிமன் 150 மில்லிமீட்டர். மேலே 25 மில்லிமீட்டர் கான்கிரீட் மூட வேண்டும். அதற்குக் கீழே 12 மில்லிமீட்டர் கம்பி. அப்படியானால் தளத்தின் அடிமட்டத்திலிருந்து கம்பியின் மையம் 119 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும். இந்த உயரம்தான் பால்கனியின் பலத்தைத் தீர்மானிக்கிறது. கட்டு தளர்ந்து, ஆட்கள் மிதித்து, கம்பி 40 மில்லிமீட்டர் கீழே போய்விட்டால் மிச்சம் 79 மில்லிமீட்டர். அதே இரும்பு, அதே சிமெண்டு, அதே செலவு. ஆனால் பலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

நான் கணக்குப் பிள்ளை. இந்தக் கணக்கைக் கேட்டதும்தான் எனக்குச் சுருக்கென்றது. அந்த பால்கனியில் நிற்கப் போகிறவர்கள் அண்ணனின் இரண்டு பிள்ளைகள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கம்பி நகர்ந்து பலகையை ஒட்டிவிட்டால், அதை மூடும் கான்கிரீட் மெலிந்துவிடும். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் காரத்தன்மை இரும்பைத் துருப்பிடிக்காமல் காக்கிறது. மூடும் கனம் குறைந்தால் ஈரமும் காற்றும் சீக்கிரம் உள்ளே போய்விடும். துருப்பிடித்த இரும்பு பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளும். பழைய அடுக்குமாடிகளில் கூரைச் சிமெண்டு பெயர்ந்து, பழுப்பு நிறக் கம்பி பல்லைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பூந்தொட்டியில் தொடங்கிய கதை

கான்கிரீட்டுக்குள் இரும்பு வைக்கும் பழக்கத்துக்கு முன்னோடிகளில் ஒருவர் பிரான்ஸ் நாட்டுத் தோட்டக்காரரான ஜோசப் மோனியர். மண் தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால், சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வலையை வைத்துத் தொட்டி செய்தார். 1867-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

நம் பிரிக்ஃபீல்ட்ஸின் கதை வேறு. 1881-இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. மரமும் அத்தாப்புமாக இருந்த ஊரைச் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்ட வேண்டும் என்று சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் ஸ்வெட்டன்ஹம் உத்தரவிட்டார். காப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் சூளைகளை அமைத்த இடம்தான் பிரிக்ஃபீல்ட்ஸ் ஆனது. செங்கல்லால் பெயர் பெற்ற அந்த ஊரைச் சுற்றி இன்று நிற்கும் கோபுரங்களெல்லாம் கம்பியும் கான்கிரீட்டும்தான்.

இரட்டைக் கோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கோபுரத்தின் அடித்தளத்துக்கும் 13,200 கன மீட்டர் கான்கிரீட்டை 54 மணி நேரம் நிறுத்தாமல் ஊற்றினார்கள். அந்த 54 மணி நேரத்தைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். அதற்கு முன்னால் குனிந்து குனிந்து கம்பி கட்டியவர்களைப் பற்றி யார் எழுதினார்கள் என்று அப்பா கேட்பார்.

எந்தக் கம்பியை வாங்குவது?

அன்று அப்பா சொன்னதையும், பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் வீடு கட்டுகிற, வீட்டை விரிவாக்குகிற வாசகர்களுக்காகத் தொகுத்துத் தருகிறேன்.

இரும்புக் கடையில் ‘டாவாய்’ என்று கேட்டால், ‘எத்தனையாம் நம்பர்?’ என்பார்கள். இந்த எண் கூடக் கூடக் கம்பி மெலியும். தடித்த கம்பியைத் துளை வழியாகத் திரும்பத் திரும்ப இழுத்துத்தான் மெல்லிய கம்பி செய்வார்கள். எத்தனை முறை இழுத்தார்கள் என்பதிலிருந்து வந்த எண் முறை இது. 16-ஆம் எண் கம்பியின் குறுக்களவு 1.6 மில்லிமீட்டர். 18-ஆம் எண் 1.2 மில்லிமீட்டர். 20-ஆம் எண் 0.9 மில்லிமீட்டர்.

கட்டுக்கம்பியைக் கிலோ கணக்கில் விற்பதால் ஒரு சபலம் வரும். 16-ஆம் எண்ணில் ஒரு கிலோ வாங்கினால் ஏறக்குறைய 63 மீட்டர் கிடைக்கும். 18-இல் 110 மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். 20-இல் 200 மீட்டர். அதே காசுக்கு மூன்று மடங்கு நீளம் கிடைக்கிறதே என்று மெல்லியதை வாங்கி, ஒற்றை இழையாகக் கட்டினால் முறுக்கும்போதே அறுந்துவிடும், அல்லது மிதித்ததும் தளர்ந்துவிடும்.

வீட்டு வேலையில் 10, 12 மில்லிமீட்டர் கம்பிகள் உள்ள தளத்துக்கும் உத்திரத்துக்கும் 18-ஆம் எண் நன்றாக ஈடுகொடுக்கும். 20-ஆம் எண் வாங்கினால் இரட்டை இழையாக மடித்துக் கட்ட வேண்டும். தடித்த தூண் கம்பிகளுக்கும், தரையில் கட்டி கிரேனால் தூக்கி நிறுத்தும் கூடுகளுக்கும் 16-ஆம் எண். தூக்கும்போது கட்டு அவிழ்ந்தால் கீழே நிற்பவரின் உயிருக்கே ஆபத்து.

எண்ணைவிட முக்கியம் மென்மை. துளையில் இழுத்த கம்பி விறைத்துப் போயிருக்கும். அதைச் சிவக்கச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால்தான் இளகும். அப்படிப் பதப்படுத்திய கம்பிக்குக் கருமை நிறத்தில் ஒரு மெல்லிய மேற்படலம் இருக்கும். கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு முழம் எடுத்து விரலில் சுற்றுங்கள். நல்ல கம்பி சுற்றிய இடத்தில் அடங்கிக் கிடக்கும். விறைத்த கம்பி வில் போலத் திரும்பி எழும். பிறகு ஒரே இடத்தில் சில முறை முன்னும் பின்னும் மடித்துப் பாருங்கள். இரண்டாவது, மூன்றாவது மடிப்பிலேயே ஒடிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

லேசான துருத்தூள் இருந்தால் பாதகமில்லை. செதில் செதிலாக உதிரும் துரு இருந்தால் கம்பி மெலிந்துவிட்டது என்று பொருள். நம் ஊர் மழைக்கு, சுருளைத் தரையில் போட்டுவைத்தால் சில வாரங்களில் அந்த நிலைக்கு வந்துவிடும். பலகை மேல் வைத்து மூடி வைக்க வேண்டும்.

துத்தநாகம் பூசிய கம்பி வேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். கான்கிரீட்டுக்குள் முழுதாக மறையும் சாதாரண வீட்டு வேலைக்குக் கருங்கம்பியே போதும். பூச்சுப் பூசாமல் கான்கிரீட்டை அப்படியே வெளியே காட்டும் சுவருக்கும், கடலோரக் கட்டடங்களுக்கும் துத்தநாகம் பூசியதையோ துருப்பிடிக்காத எஃகுக் கம்பியையோ பொறியியலாளர் சொல்லக்கூடும். அவர் சொன்னால் வாங்குங்கள். வேலிக் கம்பியையும் மின்கம்பித் துண்டையும் வைத்துக் கட்ட மட்டும் விடாதீர்கள்.

இவ்வளவுக்கும் ஆகும் செலவு எவ்வளவு? ஒரு டன் இரும்புக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிலோ கட்டுக்கம்பி போதும். எடையில் நூற்றில் ஒரு பங்கு.

கட்டுக்குக் கூலி இல்லை

இவ்வளவு மலிவான பொருளில் ஏன் கோளாறு வருகிறது? அப்பாவின் பதில் என்னைப் போன்ற கணக்காளனுக்குச் சட்டென்று புரிந்தது.

“கம்பி வேலைக்குக் கூலி டன் கணக்குல. எத்தனை டன் கட்டினாங்கன்னுதான் பார்ப்பாங்க. எத்தனை கட்டுப் போட்டாங்கன்னு யாரு எண்ணுவா?”

ஒரு கட்டுக்குச் சில விநாடிதான் ஆகும். ஆனால் சிறிய தளத்திலேயே நூற்றுக்கணக்கான சந்திப்புகள் இருக்கும். வெயிலில், இடுப்பு வளைய, ஒவ்வொன்றாகக் குனிய வேண்டும். அப்பாவின் வலது மணிக்கட்டு இன்றும் காலையில் மடங்காது. நாலு கட்டில் ஒன்றை விட்டால் அன்றைய வேலை சீக்கிரம் முடியும், வருமானமும் கூடும். வேலையாளைக் குறை சொல்லிப் பயனில்லை. கூலி எதற்குக் கொடுக்கிறோமோ அந்த வேலைதான் நமக்குக் கிடைக்கும். ஜப்பானிய நிறுவனங்கள் செய்த கம்பி கட்டும் மின்கருவிகள் இப்போது பெரிய தளங்களுக்கு வந்துவிட்டன. சிறு வீட்டு வேலைகளில் இன்னும் ‘காக்காத்துவா’தான். அந்தப் பறவையின் அலகைப் போலிருக்கும் இடுக்கிக்கு மலாய்ப் பெயர் அது.

அந்தச் சனிக்கிழமை

குத்தகையாளர் வந்தார். எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம். அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

“அண்ணே, கட்டுக்கம்பி பாரம் தாங்கறதில்லையே, உங்களுக்குத் தெரியாததா? கான்கிரீட் ஊத்தினா எல்லாம் கெட்டியாயிடும்.”

“கெட்டியாயிடும் தம்பி. தப்பான இடத்துல கெட்டியாயிடும். அதுதான் எனக்குப் பயம்.”

அண்ணன் இருவருக்கும் நடுவே நின்றார். ஒரு பக்கம் நாள் குறித்த லாரி, ஆட்கூலி, உறவு போன்ற நட்பு. மறுபக்கம் அப்பா. நான் கைப்பேசியில் படங்களை எடுத்து, கட்டமைப்பு வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியியலாளருக்கு அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தார். பால்கனியின் மேல் கம்பிகளைத் தூக்கி நிறுத்தி, தாங்கு கம்பிகளைக் கூட்டி, கட்டி முடித்த பிறகு தாம் வந்து பார்க்கும் வரை ஊற்ற வேண்டாம் என்றார்.

லாரியில் இன்னும் கான்கிரீட் ஏற்றவில்லை. அதனால் நாளை மாற்றிக்கொள்ள முடிந்தது. ஏற்றியிருந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றியாக வேண்டும். யாருக்கும் யோசிக்க நேரம் இருந்திருக்காது. ஒரு நாள் கூலியில் பாதியை அண்ணன் ஏற்றுக்கொண்டார். குத்தகையாளர் அன்று தேநீர் குடிக்காமலே போனார். அது அப்பாவுக்கு வருத்தம்தான்.

மதியம் அப்பா ஒரு குல்லாவை மாட்டிக்கொண்டு மேலே ஏறினார். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. அங்கே இருந்த வங்காளதேச இளைஞர் அவருக்குத் தம் இடுக்கியைக் கொடுத்தார். இருவருக்கும் பொதுவாக இருந்தது கொஞ்சம் மலாய்தான். அப்பா ஒரு கட்டை மெதுவாகப் போட்டுக் காட்டினார். கம்பியைக் கீழே கொடுத்து, மூலைவாட்டில் எடுத்து, இழுத்துப் பிடித்து, இரண்டு சுற்று முறுக்கி, வாலை உள்பக்கமாக மடக்கினார். “வால் வெளியே நீட்டினா அது வழியா துரு உள்ளே வரும்” என்று மலாயில் விளக்கினார். “ஒகே, அங்கள்” என்றார் அந்த இளைஞர். அவருக்கு வேலை நன்றாகவே தெரிந்திருந்தது. நேரம்தான் கொடுக்கப்படவில்லை. மாலைக்குள் பால்கனி முழுவதும் கட்டி முடித்துவிட்டார்கள். இப்போது அதன் மேல் நடந்தால் கம்பி அசையவில்லை.

ஊற்றுவதற்கு முதல் நாள்

கான்கிரீட் ஊற்றும் நாளன்று போய்ப் பார்த்துப் பயனில்லை. முதல் நாளே போங்கள். பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. இவற்றைப் பார்த்தால் போதும்:

1. கம்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். வழுக்கினாலோ நகர்ந்தாலோ மீண்டும் கட்டச் சொல்லுங்கள்.

2. தளத்தின் ஓரங்களில் எல்லாச் சந்திப்புகளிலும் கட்டு இருக்கட்டும். நடுப்பகுதியில் ஒன்றுவிட்டு ஒன்று கட்டுவது வழக்கம். பால்கனியிலும், தூணும் உத்திரமும் சேரும் இடத்திலும் விடாமல் கட்டச் சொல்லுங்கள்.

3. கம்பிக்கும் பலகைக்கும் இடையே சிமெண்டுக் கட்டிகள் உள்ளனவா, மேல் கம்பியைத் தாங்க ‘சேர்’ கம்பிகள் உள்ளனவா என்று பாருங்கள். கட்டு நகராமல் பிடிக்கும். உயரத்தைத் தருவது இவைதான்.

4. பலகையில் வெட்டி விழுந்த கம்பித் துண்டுகளைக் கூட்டி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் கூரையில் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும்.

5. கட்டுவதற்குப் பதிலாகப் பற்றவைக்க அனுமதிக்காதீர்கள். பொறியியலாளர் சொல்லாத பற்றவைப்பு கம்பியையே பலவீனமாக்கலாம்.

6. அளவுகோலை வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாளை ஒரு கேள்வி எழுந்தால் அந்தப் படம் ஒன்றுதான் சாட்சி.

சந்தேகம் வந்தால் பொறியியலாளரை அழையுங்கள். குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே சி.ஐ.டி.பி. பதிவு உண்டா என்று கேளுங்கள். ஒப்பந்தம் பேசும்போது, ‘கம்பி வேலையைப் பொறியியலாளர் பார்த்த பிறகே கான்கிரீட்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால், அப்பா அன்று ஒரு நல்ல நண்பரோடு வாதாட வேண்டியிருந்திருக்காது.

இரண்டு நாள் கழித்துப் பொறியியலாளர் வந்து பார்த்துச் சரி என்றார். அன்று மாலை கான்கிரீட் ஊற்றினார்கள். குத்தகையாளரும் வந்து நின்று வேலையை முடித்துக் கொடுத்தார். இந்த முறை தேநீர் குடித்துவிட்டுத்தான் போனார்.

இப்போது அந்த பால்கனியில் அம்மா துளசியும் மல்லிகையும் வைத்திருக்கிறார். தொட்டிகளை வரிசையாக அடுக்குவதற்கு முன் அப்பாவிடம், “பாரம் தாங்குமா?” என்று கேட்டார்.

“தாங்கும். நான் பார்த்துட்டேன்” என்றார் அப்பா.